இங்கே கோமாளி தெரிந்ததைப் பேசுவான்

அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தவள் அவளைப் பெற்றவள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலிலும் அந்தப் பெயர்தான். ஆனால் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுப்பில் இருப்பதைக் கிளறிக்கொண்டே கூடத்துக்கு வந்து இரண்டு வார்த்தை பேசுவாள், கரண்டி சொட்டச் சொட்டத் திரும்பி ஓடுவாள், மூன்றாவது வார்த்தைக்கு மறுபடி வருவாள். டாக்டரைப் பார்க்கப் போனால், காத்திருக்கும் நேரத்தில் அங்கே கிடக்கும் பழைய பத்திரிகைகளை மாத வாரியாக அடுக்கிவிட்டுத்தான் தன் வயிற்றுவலியைப் பற்றியே யோசிப்பாள்.

அவளுக்கு ஏற்ற வேலையும் ஒரு காலத்தில் கிடைத்திருந்தது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் சின்னக் கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு சுவிட்ச். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்ல வேண்டும். அவள் அதோடு நிறுத்த மாட்டாள். "ஓடாதீங்க, ஓடாதீங்க, டிரைவர் இன்னும் டீ குடிச்சிட்டுத்தான் இருக்கார்" என்பாள். "சிவப்புப் பை வச்சிருக்கிறவரே, உங்க பையன் அந்தப் பக்கம் போறான் பாருங்க" என்பாள். மேலதிகாரிகள் இரண்டு முறை எச்சரித்தார்கள். பயணிகள் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு நிர்வாகம் ஒரு இயந்திரம் வாங்கியது. பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, ஊர்களின் பெயர்கள், எண்கள், "பயணிகளின் கவனத்துக்கு" என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அதன்பின் இயந்திரமே வேண்டிய வார்த்தைகளைக் கோத்துப் பேசியது. அவளைக் கீழே, மாதாந்திரப் பயணச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து முத்திரை குத்தும்போது அவள் குரல் மேலே தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சு வாங்காத குரல்.

"என் குரலுக்கு சம்பளம் இல்ல, லீவும் இல்ல. என்னைவிட நல்ல ஊழியர்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த வருடம் அவள் வீட்டில் அலமாரிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. காலையில் கூடத்தில் இருந்த மேஜை மாலையில் ஜன்னலோரம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படித்த மகள் தன் புத்தகங்களை ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் தேடினாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அளவு பார்ப்பது, வில்லை தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது எல்லாம் அவரே. உதவிக்கு ஒரு பெண் இருந்தாள். மனிதர் அதிகம் பேசமாட்டார். எதையாவது கேட்டால் தன் கண்ணாடியைக் கழற்றுவார், வாயால் ஊதுவார், துணியால் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

அவருடைய தங்கை கல்லூரியில் பாடம் நடத்தினாள். அந்தப் பிரதேசத்தில் நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு சந்தைத் தெருக்களில் ஆடப்பட்ட நாடகங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. நாடகக்காரர்கள் தங்களைப் பற்றி எதுவும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள்மேல் எரிச்சல்பட்டவர்கள் எழுதிவைத்ததுதான் மிச்சம். மேடையின் உயரம் எவ்வளவு என்பதே ஒரு துணிக்கடைக்காரர் கொடுத்த புகாரிலிருந்துதான் தெரிந்தது: தன் கடையின் ஜன்னல் பாதி மறைந்துபோகிறது என்று அவர் நியாயம் கேட்டிருந்தார். அந்தக் கடையின் சுவர் இன்னும் நின்றது. நாத்தனார் போய் ஜன்னலை அளந்துவிட்டு வந்தாள். எத்தனை பறை, எவ்வளவு சத்தம், ஆட்டம் எந்தத் திசையைப் பார்த்து நடந்தது என்பதெல்லாம் இப்படித் திட்டியவர்களின் தயவால் தெரிந்தவை. பழைய மண்டபத்துச் சுவரில் செதுக்கியிருந்த ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்த்து, பாட்டின் தாளத்தோடு சேர்த்து, அடிகளை ஒவ்வொன்றாகக் கட்டினாள். ஒரு அடிக்கு ஒரு மாதம் ஆனதுண்டு.

நாடகத்தின் வசனம் மட்டும் முழுசாகக் கிடைத்தது. கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விட்ட மழையைத் திருப்பி அழைத்துவர ஒரு ராஜா புறப்படுகிறான். கூடவே ஒரு கோமாளி போகிறான். மூன்று இடங்களில் கோமாளி முன்னால் வந்து கூட்டத்தோடு பேச வேண்டும். அந்த மூன்று இடங்களிலும் ஒரே வரிதான் இருந்தது: "இங்கே கோமாளி தெரிந்ததைப் பேசுவான்."

வேறு வேறு கைகள் எழுதிய மூன்று பிரதிகள் கிடைத்தன. மூன்றிலும் இதே வரி, அதற்குக் கீழே வெறும் இடம்.

நாத்தனார் ஆட்களைச் சேர்த்தாள். பட்டறையில் கடைசல் வேலை செய்தவர் பறை அடித்தார். தையல்காரர் ராஜா. பேங்க்கில் கணக்கு எழுதுகிறவர் கோமாளி. பூட்டிக் கிடந்த ஒரு துணிக் கிடங்கில் ஒத்திகை. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த பிறகு பேங்க்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

அன்றைக்குப் பம்பரம் அங்கே போனது, நாத்தனார் அண்ணன் வீட்டுக்கு வந்து மறந்துவிட்டுப் போன செல்போனைக் கொடுக்க. கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே கிடந்த நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, சும்மா நிக்கறீங்கதானே? இந்தக் கோமாளி வசனத்தை மட்டும் கொஞ்சம் படிங்க. மத்தவங்க பழகிக்கட்டும்."

"நான் எங்க சும்மா நிக்கறேன்?" என்றபடி காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

வெற்றிடத்தை நிரப்ப நாத்தனார் அதே காலத்து ஏடுகளிலிருந்து நகைச்சுவைத் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்த்திருந்தாள். எண்ணெய் வரி பற்றி ஒன்று, அளவுப்படி பற்றி ஒன்று. பம்பரம் படித்தாள். பறைக்காரர் மரியாதைக்காகப் பல்லைக் காட்டினார்.

"இதுல சிரிக்கறதுக்கு எங்க இருக்கு?" என்றாள் பம்பரம்.

"அந்தக் காலத்துல எண்ணெய்க்கு ரெண்டு விதமா வரி போட்டாங்க, அண்ணி. அது தெரிஞ்சா சிரிப்பு வரும்."

"அப்போ வர்றவங்களுக்கெல்லாம் முதல்ல வரியைப் பத்தி ஒரு வகுப்பு எடு. பரீட்சை வை. பாஸானவங்க மட்டும் உட்காரட்டும்."

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாருக்கு மூக்கு விடைத்தது. "உங்களுக்கு எல்லாமே விளையாட்டு" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவாரம் பேசிக்கொள்ளவில்லை.

பேச்சை மறுபடி தொடங்கியவள் நாத்தனார்தான். சாயங்காலம் நேரே பயணச் சீட்டு ஜன்னலுக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து சொன்னாள்: "மூணு பேர் எழுதியிருக்காங்க, அண்ணி. மூணு பேருக்குமா மறந்துபோகும்? எழுதக்கூடாதுன்னுதான் விட்டிருக்காங்க. அதை நான் நிரப்பினா நான்தான் தப்பு பண்றேன். நீங்க பேசுங்க. என்ன தோணுதோ அதைப் பேசுங்க. பறை கூப்பிட்டதும் நிறுத்திடணும், அவ்வளவுதான்."

பின்னால் நின்றவர் பொறுமை இழந்து கனைத்தார். "சார், இது குடும்ப விஷயம், ஒரு நிமிஷம்" என்றாள் பம்பரம். பிறகு நாத்தனாரிடம், "நிஜமாவா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

பேச்சையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு அதன்பின் வாயடைத்துப்போயிற்று. என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்றதும் ஒன்றும் வரவில்லை. ஒத்திகையில் முன்னால் வந்து நிற்பாள், கைகளைப் பிசைவாள், "நாளைக்குப் பேசறேன்" என்று பின்வாங்குவாள். வீட்டிலோ மேஜை ஒரே நாளில் மூன்று முறை இடம் மாறியது. காய்கறிக் கடை, வேலை, மாடிப்படி எல்லா இடத்திலும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "அம்மா, யாரோட பேசறே?" என்றாள் மகள். "நானூறு வருஷமா காத்துக்கிட்டு இருக்கிறவங்களோட" என்றாள்.

பழைய சந்தை முற்றத்தில் அரங்கேற்றம். துணிக்கடைக்காரரின் புகார்ப்படியே உயரமான மேடை. கூட்டம் நினைத்ததைவிட அதிகம். முதல் முறை பம்பரம் முன்னால் வந்தபோது ஏதோ சளசளவென்று சொன்னாள். யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது முறை வந்தபோது முன்வரிசையில் கணவர் கண்ணில் பட்டார். அவளுக்காகப் பயந்துபோய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராஜாவே!" என்று திரும்பினாள் பம்பரம். "மழை ஏன் போச்சுன்னு ஊரெல்லாம் கேக்கறீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா? அவருக்குத் தெரியும். சொல்லுவார். ஆனா முதல்ல கண்ணாடியைக் கழட்டுவார்." கழற்றுவதுபோல் செய்து காட்டினாள். "ஊதுவார். துடைப்பார். வெளிச்சத்துல பார்ப்பார். ஒரு புள்ளி இருக்கும். மறுபடி துடைப்பார். அதுக்குள்ள போன மழை தானே திரும்பி வந்து, பெஞ்சு, ஓஞ்சு, துணியும் காஞ்சிருக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் காலில் ஏறியது.

"கல்யாணமான புதுசுல, என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன், ராஜாவே. இன்னும் துடைச்சுக்கிட்டுத்தான் இருக்கார்!"

முற்றம் அதிர்ந்தது. தையல்கார ராஜா வசனத்தை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒருவர் கையில்தான் கண்ணாடியும் துணியும் இருந்தன.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பம்பரம் பறந்தாள். அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "நல்லா பண்ணினே" என்று ஒரு தடவை சொன்னார். அதன்பின் நான்கு நாள் அவளுக்குப் பசிக்கவே இல்லை. பயணச் சீட்டு வாங்க வந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நீங்கதானே?" என்றார்கள். யாரோ செல்போனில் எடுத்த துண்டு ஊரெல்லாம் சுற்றியது.

விஷயத்தை மகள்தான் சொன்னாள். தலை வாரிக்கொண்டே, நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொல்வதுபோல.

"அப்பா கடையில இப்பல்லாம் எதையும் துடைக்கறதில்ல, தெரியுமா? அந்த அக்காதான் துடைச்சுக் கொடுக்கறாங்க. அப்பா துணியைத் தொட்டாலே வந்தவங்க சிரிக்கறாங்களாம். நேத்து ஒருத்தர் ஊதிக் காட்டினாராம். 'இன்னும் முடியலையா'ன்னு கேட்டாராம்."

பம்பரம் அன்று மாலை அவர் வந்ததும் எதிரில் போய் நின்றாள். "என்னங்க, உங்களுக்குக் கோபமா?"

அவருடைய கை கண்ணாடிக்குப் போயிற்று. சட்டத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, மெல்லக் கீழே இறங்கியது. இறங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இல்லையே" என்றார்.

அவர் இத்தனை சீக்கிரம் பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மறுநாளே நாத்தனாரிடம் போய், இனிமேல் நடிக்க முடியாது என்று சொன்னாள். நாத்தனார் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவளுக்குச் சொல்ல வேறு ஒரு சேதி இருந்தது. ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த கையோடு, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றாள்.

"அண்ணி, இதைக் கேளுங்க! உங்களால கிடைச்சதுதான். இதுவரைக்கும் கடைக்காரங்க புகாரையே பார்த்துட்டு இருந்தேன். உங்க விஷயத்துக்கு அப்புறம்தான், வீட்டு வழக்குகளையும் பார்த்தா என்னன்னு தோணுச்சு. ஒரு கோமாளியோட மனைவி மனு போட்டிருக்கா! 'என் புருஷன் சந்தையில நின்னு என் சமையலையும் என் நடையையும் சொல்லிச் சிரிக்க வைக்கிறான், தண்ணி எடுக்கப் போக முடியல, தடுத்து உத்தரவு போடணும்'னு. நானூறு வருஷத்துக்கு முன்னாடி, அண்ணி! அப்படின்னா வீட்டு விஷயத்தைத்தான் பேசியிருக்காங்க. நீங்க பண்ணினது அப்படியே மரபு!"

பம்பரம் நின்ற இடத்திலேயே இரண்டு எட்டு முன்னும் பின்னுமாக வைத்தாள்.

"தீர்ப்பு என்ன ஆச்சு?"

"அது தெரியல. அடுத்த பக்கமே இல்ல."

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு தண்ணி எடுக்கப் போனாளா?"

நாத்தனார் விழித்தாள். "அதெப்படி அண்ணி தெரியும்?"

"உனக்கு அது ஆதாரம்மா. எனக்கு அது என் வீடு. உங்க அண்ணன் கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம நிக்கறார்."

நாத்தனாருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கிடைத்த சந்தோஷத்தை முகத்திலிருந்து முழுசாக அவளால் துடைக்க முடியவில்லை. இத்தனை வருடம் தேடியவள். பம்பரத்துக்கு அதுவும் புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

பேங்க்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி விடுமுறை நாட்களில் வரவழைத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பம்பரம் பார்வையாளராகப் போனாள். கூடவே கணவரும் வந்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏதோ மனதில் இருப்பதாக அர்த்தமாகிவிடும் என்று வந்திருப்பார்.

பேங்க்காரர் மோசமில்லை. வட்டி பற்றிப் பேசினார், கூட்டம் சிரித்தது. ஆனால் ஒவ்வொரு முறை பறை தணிந்து கோமாளிக்கு வழி விடும்போதும் பம்பரத்தின் கால் தரையில் தட்டியது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று உடம்பு முந்திக்கொண்டு ஓடியது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை பறை தணிந்ததும் அவளால் முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெளியே பூட்டிய கடைகள். ஒரு ஷட்டரிலிருந்து அடுத்த ஷட்டர் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கணவர் வந்து தெருவிளக்குக் கம்பத்தருகே நின்றார். அவள் தன்னைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேசினார்.

"துடைக்கறப்போ எனக்கு யார் முகமும் தெரியாது."

அவள் நின்றாள்.

"கண்ணாடி இல்லேன்னா எல்லாம் மங்கல்தானே. எதிர்ல நிக்கறவங்க வெறும் நிறமாத்தான் தெரிவாங்க. அந்த நேரத்துலதான் என்னால யோசிக்க முடியும். யாரும் பார்க்கலைங்கற மாதிரி இருக்கும். இப்போ அந்த நேரத்துலயும் எல்லாரும் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான். கோபமெல்லாம் இல்ல."

இவ்வளவு நீளமாக அவர் பேசியதை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தான் இத்தனை வருடமாகப் பார்த்துச் சிரித்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. அழுதால் அவர் பதறுவார் என்று பக்கத்து ஷட்டரில் இருந்த பூட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணாடிப் பேச்சை இனிமே மேடையில எடுக்க மாட்டேங்க. எங்கயும்."

"சரி. ஆனா நீ நடிக்கறதை விட்டுடாதே. இந்த மாசம் என் செருப்பு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. தினமும் வேற இடத்துல வைக்கறே."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே பறை கூப்பிட்டது. இருவரும் திரும்பிப் போகாமல் அப்படியே வீட்டுக்கு நடந்தார்கள்.

பம்பரம் மறுபடி கோமாளி ஆனாள். பேங்க்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அவருக்கு ரயில் பயணம் முடியவில்லை. அதன்பின் நடந்த ஆட்டங்களில் அவள் தன்னையே எடுத்துப் பேசினாள். செருப்பு, மேஜை, இடம் மாறும் அலமாரி. சிரித்தார்கள். முன்புபோல் சிரிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது, பறைக்காரருக்குத் தெரிந்தது, எல்லோரையும்விட நாத்தனாருக்கு நன்றாகத் தெரிந்தது.

பக்கத்து நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய அரங்கத்தில் நாடகப் போட்டி, வேறு ஊர்க் குழுக்களும் வரும். அழைத்தவர்கள் செல்போன் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருந்தார்கள்.

"அண்ணி, அந்தக் கண்ணாடி ஜோக்கை ஒரே ஒரு தடவை போட்டுடுங்களேன்" என்றாள் நாத்தனார். வண்டியில் சாமான் ஏற்றும்போது, கயிற்றைக் கட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். "வேற ஊர்தானே. அண்ணன் வரப்போறதில்ல. அவன் பெரிசா எடுத்துக்கவும் மாட்டான். இதுல ஜெயிச்சா அடுத்த நாடகத்தையும் எடுக்கலாம்."

"எழுதக்கூடாதுன்னு சொன்னவ நீதானே? இப்போ அதையே எழுதி கையில கொடுக்கறே."

"நான் எழுதல. நீங்க பேசினதைத்தான் சொல்றேன்."

"ஒரு தடவை பேசினதையே திரும்பப் பேசுன்னா அது எழுதின மாதிரிதான்."

நாத்தனார் கயிற்றை இன்னும் இறுக்கினாள். வண்டி கிளம்பிய பின்னும் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அரங்கத்தில் இருந்தவர்களும் செல்போன் துண்டைப் பார்த்திருந்தவர்கள். முதல் கட்டத்தில் அவள் செருப்பைப் பற்றிப் பேசினாள். காத்திருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு வந்தது, அதாவது பெரிய சிரிப்பை வேறொன்றுக்காக மிச்சம் வைத்திருப்பவர்களின் சிரிப்பு. இரண்டாவது கட்டத்தில் அவள் முன்னால் வந்து வாயைத் திறக்குமுன், நடுவரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது:

"கண்ணாடி!"

இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். "கண்ணாடி! கண்ணாடி!" கைதட்டல் தாளமாயிற்று.

பம்பரம் நின்றாள். சொன்னால் போதும். கையை முகத்துக்குக் கொண்டுபோனாலே போதும், அரங்கம் அதிர்ந்துவிடும். கை உயரவும் உயர்ந்தது. திரைமறைவில் நாத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது. பம்பரம் உயர்ந்த கையால் நெற்றியைத் தேய்த்துவிட்டு இறக்கினாள். பேச ஒன்றும் இல்லை. மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தாள். கைதட்டல் ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். பறைக்காரர் குச்சியைத் தூக்கி, அடிக்கலாமா வேண்டாமா என்று அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மேடை விளிம்புக்கு வந்து, கத்தியவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். மீசை வைத்த பருத்த மனிதர். பக்கத்தில் மனைவி.

"ஐயா, எங்க வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நல்லது. உங்க வீட்டுல நீங்க எப்படி?"

மனிதர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அவரை ஏன் கேக்கறேன். அம்மா, நீங்க சொல்லுங்க. ஐயா வீட்டுல பேசுவாரா?"

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடிய வாயோடே, எல்லோருக்கும் கேட்கும்படி, "பேசுவார். டிவியோட" என்றாள்.

அரங்கம் வெடித்தது. மனிதர் எழுந்தார். "நான் டிவியோட பேசறேன்னா, இவ யாரோட பேசறா, அதைக் கேளுங்க!" பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "ஏம்மா, எங்க மருமககிட்டயும் ஒரு கேள்வி கேளு" என்றார். மருமகள் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள், அவளும் விடவில்லை. பம்பரம் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். ஒருவர் விட்டதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். யாராவது முகம் சுருங்கினால் சட்டென்று தன் செருப்புக் கதையை இழுத்து நடுவே போட்டாள். அது அவள் புதிதாகத் தெரிந்துகொண்ட வித்தை. மழையைத் தேடிப் போன ராஜா ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் நாட்டை மறந்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பறை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். காதருகே, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள். உடனே, "அந்தக் கிழவர் சொன்னதை யாராவது ரெக்கார்ட் பண்ணினாங்களா?" என்றும் கேட்டாள். பம்பரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

பரிசு வேறு குழுவுக்குத்தான் போயிற்று. கோமாளிப் பகுதி நேரத்தை மீறிவிட்டதாம். ஆனால் இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள்.

வீட்டில் கணவர் விவரம் கேட்டார். அவள் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தபடியே எல்லாக் குரல்களிலும் பேசிக் காட்டினாள். டிவி அம்மாளின் கட்டம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவள் பேச்சை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அதற்கு அவள் மிகவும் சிரமப்பட வேண்டியிருந்தது.

அடுத்த ஊருக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. மேலதிகாரி, "கோமாளி வேஷத்துக்கெல்லாம் லீவா?" என்றார், கையெழுத்தும் போட்டார். ஆனால் விடுப்பு கிடைத்த நிமிஷத்திலிருந்து அவளுக்குள் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. அந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறக்காவிட்டால்? எல்லோரும் மரியாதையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தால்? முத்திரை குத்தும்போதும் காய் நறுக்கும்போதும் அது கூடவே வந்தது. மகளிடம் கேட்டாள், பறைக்காரரிடம் கேட்டாள், பயணச் சீட்டு வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்கூடக் கேட்டாள்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லிடுவீங்களா, இல்ல வெக்கப்படுவீங்களா?"

"என்ன கேள்வி?" என்றாள் அந்தப் பெண்.

"அதுதான் எனக்கும் இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு, முத்திரையைக் குத்திச் சீட்டை நீட்டினாள் பம்பரம்.